திரையில் பெயரில்லாமல் வந்தவள்

கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் பஸ்ஸில் போய், ஒரு தனியார் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். இடையிடையே மொழிபெயர்ப்பு வேலையும் வரும். தொண்டு நிறுவனக்காரர்கள் தோட்டத்துக்கு வந்தால் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தடவை கோர்ட்டுக்கும் போயிருக்கிறேன். வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்று நுவரெலியாவில் கூட்டம் வைக்கிறது, தமிழுக்கு ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதில் போட்டிருந்த காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் எந்த நாடு, யார் யார் என்பதை விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டம் எதற்கென்றால், பயங்கரவாதிகளுக்குப் பணம் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க, அவர்கள் நாடும் நம் நாடும் இன்னும் சில நாடுகளும் மக்களின் பணப் பரிமாற்ற விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது பற்றி. அதற்கு ஓர் ஒப்பந்தம் போடப் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்ன ஊர்களில் வெளிநாட்டுப் பணம் எப்படி மக்கள் கைக்குப் போகிறது என்று நேரில் கேட்க வேண்டுமென்று, ஹட்டன் பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியையும் கூப்பிட்டிருந்தார்கள். துணிக்கடை. அதன் ஒரு மூலையில் வெளிநாட்டுப் பணம் எடுக்கிற கவுண்டர். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆங்கிலம் வராது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதோரமாகத் தமிழில் சொல்வதற்குத்தான் நான்.

அவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். சனிக்கிழமைகளில் அவர் கவுண்டரில்தான் பணம் எடுப்பேன்.

அது என் பணம் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார், கொழுந்து பறிப்பவர். அவருடைய மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போன புதிதில் அப்பா பேருக்குப் பணம் அனுப்பினாள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் பாதி சாராயத்துக்குப் போய்விடும். அம்மா பேருக்கு அனுப்பலாமென்றால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். எழுதியவர்கள் செய்த தவறு. எந்தக் கவுண்டரிலும் கொடுக்கமாட்டேன் என்றார்கள். அப்போது அந்தப் பிள்ளை எனக்குப் போன் போட்டு, "சித்தி, ஒங்க பேருக்கே அனுப்புறேன். அம்மா கையில குடுத்துருங்க" என்றாள். சரி என்றேன். அவள் சொல்லி அவள் சிநேகிதி ஒருத்தி. பிறகு தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் இன்னும் சில பிள்ளைகள். குவைத், கத்தார், ஓமான், ஜோர்தான் என்று எங்கெங்கோ இருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டு வந்து அவரவர் அம்மா கையில் கொடுத்துவிடுவேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை.

கூட்டம் நடந்தது வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்றில். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் புல்வெளி வரை இறங்கியிருந்தது. சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் எனக்குக் கை விறைத்தது. காலையில் எல்லாம் சட்டம், விதி என்றே போயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூதுக்குழுவில் இருந்த ஓர் இளைஞர் எழுந்து திரையில் ஒரு படத்தைப் போட்டார்.

"நாம் இந்த மாவட்டத்தில் கூடியிருப்பதால் இங்கிருந்தே ஓர் உதாரணம்" என்றார்.

நடுவில் ஒரு வட்டம். அதற்குள் பெயர் இல்லை. பெண், நாற்பது வயதுக்கு மேல், ஆசிரியை, ஹட்டன் பகுதி என்று மட்டும் இருந்தது. சுற்றிலும் நாடுகளின் பெயர்கள். குவைத், கத்தார், ஓமான், ஜோர்தான். ஒவ்வொன்றிலிருந்தும் வட்டத்துக்குக் கோடுகள்.

நான் அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த வட்டம் நான்தான் என்று தெரிந்தது.

அவர் பேசிக்கொண்டே போனார். ஒன்றுக்கொன்று உறவில்லாத பெண்கள் பலர் ஒரே பெண்ணுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவள் வந்த பணம் முழுவதையும் உடனே காசாக எடுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு அது யார் கைக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இது குற்றம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் குண்டு வைக்கிறவர்களுக்கு இப்படித்தான் பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இவளோடு தொடர்புள்ளவர்களின் விவரங்களை மற்ற நாடுகளிடமும் கேட்க வேண்டும்.

என் வேலை இதைச் சொல்வது. சொன்னேன். குரல் எங்கிருந்தோ வந்தது. "இவளோட தொடர்புள்ளவங்க விவரத்தை மத்த நாடுகள்கிட்டயும் கேக்கணும்னு சொல்றார்." முதலாளி என் பக்கம் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே அவர் கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கும் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. 

தூதுக்குழுவிலேயே நரைத்த தலையோடு ஓர் அம்மா இருந்தார். மக்களின் சொந்த விவரங்கள் கண்டபடி கைமாறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவர் கையைத் தூக்கினார்.

"பெயரை எடுத்துவிட்டால் போதுமா? சின்ன ஊர். இந்த ஊர்க்காரர்கள் பார்த்தாலே யார் என்று சொல்லிவிடுவார்களே. இதை ஏன் இங்கே போட்டீர்கள்?"

இளைஞரின் முகம் சிவந்தது. அந்த அம்மா நிறுத்தவில்லை. "இந்தப் பெண் ஒரு தவறும் செய்யாதவளாக இருந்தால், அதை அவளுக்கு யார் சொல்வது? தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதாவது அவளுக்குத் தெரியுமா?"

நம் பக்கத்தின் தலைமை அதிகாரி பதில் சொன்னார். சிங்களவர், வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். "தெரியாது. தெரியக் கூடாது. விசாரணை நடக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னாலும் அது தண்டனைக்குரிய குற்றம்."

அதையும் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "அவளுக்குத் தெரியக் கூடாது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் தாழ்வாரத்தின் கோடியில் அவர் தனியாக நின்றார். நான் கிட்டே போனேன். அவர் ஓரடி பின்னால் போனார்.

"டீச்சரம்மா, என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

"நான் ஒண்ணும் கேக்கலைங்க."

"நானும் ஒண்ணும் சொல்லலை. நம்ம ரெண்டு பேரும் இங்க பேசவே இல்லை. எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்கு." கோப்பையிலிருந்த தேநீரை அவர் குடிக்கவே இல்லை. அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கவுண்டர் நடத்துகிறவர்கள் சந்தேகத்துக்கு இடமானதை மேலே அறிவிக்க வேண்டும் என்று காலையில் நானே அவர் காதில் மொழிபெயர்த்திருந்தேன். அறிவித்தவர் அவர்தானா, இல்லை மேலே இருக்கும் இயந்திரம் தானாகப் பிடித்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் மேல் கோபம் வரவில்லை. என்னை விட அவர்தான் பயந்து போயிருந்தார்.

நானு ஓயா, தலவாக்கலை வழியாக பஸ் இறங்கி வந்தபோது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எனக்கு ஓர் அண்ணன். யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். ஒரு விடியற்காலையில் கடையைச் சோதனை போட்டபோது அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் தோட்டத்தைத் தவிர வேறு ஊர் தெரியாத அம்மா, எந்த முகாம், எந்த ஸ்டேஷன் என்று தெரியாமல் ஒவ்வொரு வாசலாக நின்றார். நெடுநாள் கழித்து விட்டார்கள். ஏன் பிடித்தோம் என்று சொல்லவில்லை. ஏன் விட்டோம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு ஒருநாளும் சத்தமாகப் பேசியதில்லை. பஸ்ஸில் எனக்குத் திரும்பத் திரும்ப அவர் முகம்தான் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. குவைத்திலிருந்து அடுத்த வீட்டுப் பிள்ளை.

"சித்தி, நாளைக்குப் போட்டுருவேன். சனிக்கெழமை எடுத்துக்கலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்தப் போனை யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்? இன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்தவள் இன்றைக்கே நிறுத்துகிறாள் என்றால், முதலாளி சொல்லிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். போடு என்று சொன்னால், அந்த வட்டத்துக்கு இன்னொரு கோடு.

"ஏன் சித்தி பேச மாட்டேங்குறீங்க? அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லை சாமி. தலைவலி. நாளைக்குப் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பிள்ளையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலில் இருந்த வீட்டில் அவளை அடித்தார்கள். சம்பளம் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் குப்பை கொட்டப் போவது போல வெளியே வந்து அப்படியே ஓடிவிட்டாள். இப்போது வேறொரு பெண்ணின் அட்டையை வைத்துக்கொண்டு கட்டிடங்களில் துப்புரவு வேலை செய்கிறாள். பிடித்தால் சிறை. எந்தத் தெரு, எந்தக் கட்டிடம், கூட யார் யார் தங்குகிறார்கள் என்பதெல்லாம் அவள் அம்மாவுக்கு அனுப்பும் குரல் செய்திகளில் இருக்கும். அக்காவிடம் அந்த மாதிரிப் போன் இல்லை. அவர் என் போனில்தான் கேட்பார். கேட்டுவிட்டு, "இன்னொருக்கா போடு தங்கச்சி" என்பார்.

இவளோடு தொடர்புள்ளவர்களின் விவரங்களை மற்ற நாடுகளிடமும் கேட்க வேண்டும். அந்த வாக்கியம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நானே என் வாயால் சொன்ன வாக்கியம். குவைத்தில் யாரோ ஒருவர் அவள் பெயரைத் தட்டிப் பார்த்தால் போதும், அவள் அகப்பட்டுவிடுவாள்.

என் வீட்டுக்காரர் கொட்டகலை ரயில் ஸ்டேஷன் அடியில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வந்ததும், இரண்டு பேர் போனையும் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பின்பக்கம் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. ஆனால் தனியாக அதைத் தாங்க என்னால் முடியவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னேன்.

அவர் வாளியைக் குழாயடியில் நகர்த்தி வைத்தார். பிறகு, "ஒனக்கு யாரு சொன்னது இதை?" என்றார்.

"யாரும் சொல்லலைங்க. நானே திரையில பார்த்தேன்."

"போட்டது யாரு?"

"அவங்கதான்."

"அப்ப அந்த மொதலாளி மேல என்ன குத்தம்? ஒன் மேலதான் என்ன குத்தம்? போயி நேரா சொல்லிரு. அந்தப் பொம்பளை நான்தான்னு."

"புடிச்சு வச்சுக்கிட்டா?"

"இப்ப சொல்லாட்டி மட்டும் விடுவாங்களா?" என்றார்.  "நானும் வர்றேன். கேட்டுக்கு வெளியே நிக்கிறேன்."

குரல் செய்திகளை அழித்துவிடலாமா என்று விடியும் வரை யோசித்தேன். அழித்தால் எதையோ மறைத்தவள் ஆவேன். அழிக்காவிட்டால் அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். விரல் அந்த இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் அழிக்கவில்லை. அது தைரியம் இல்லை. எது குறைந்த ஆபத்து என்று தெரியாமல் கை நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை கூட்டம் தொடங்குவதற்கு முன்பு தலைமை அதிகாரி தனியாக ஜன்னலருகே நின்றார். நான் போய்ச் சிங்களத்தில் சொன்னேன். "சேர், நேற்றுத் திரையில் காட்டிய பெண் நான்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. அவர் கூட்டத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டதே என்ற பயம்தான் வந்தது. அப்படி ஒரு பெரிய அதிகாரியின் முகத்தில் நான் அதை எதிர்பார்க்கவில்லை. யாரையோ கைகாட்டிக் கூப்பிட்டார். என்னைப் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் இருந்தன. ஜன்னலில் கனமான திரை. போனை மேசை மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கேட்டார், ஒருவர் எழுதினார்.

அனுப்புகிற பெண்கள் யார், உங்களுக்கு என்ன உறவு, ஏன் உங்கள் பெயருக்கு, நீங்கள் எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள், காசை யாரிடம் கொடுத்தீர்கள், வடக்கில் யாராவது தெரியுமா, எந்தக் கட்சி, எந்தக் கோயில். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நான் ஒன்றும் எடுத்துக்கொள்வதில்லை என்று சொன்னபோது கேட்டவர் எழுதுகிறவரைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. என் பதில்கள் எனக்கே பொய் போலக் கேட்கத் தொடங்கின.

"போனைத் திறந்து கொடுங்கள், மிஸ். செய்திகளைப் பார்க்க வேண்டும்."

"என் செய்திகளா, சேர், அவர்களுடையதா?"

"எல்லாம்."

"பார்த்துவிட்டு?"

"நகல் எடுப்போம்."

"அது எங்கே போகும்?"

அவர் சிரித்தார். "நீங்கள்தானே இரண்டு நாளாக மொழிபெயர்க்கிறீர்கள். எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்திருந்தது.  சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டேன். "அதைக் கொடுக்க முடியாது, சேர். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாமாரோடு பேசியது அது. அதில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது" என்றேன். சொன்ன உடனேயே, ஆபத்து என்ற சொல்லை விட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. எழுதுகிறவர் அதைத்தான் எழுதினார்.

"கோர்ட் உத்தரவோடு வாங்கலாம். அப்போது நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். வேறு இடத்தில் இருப்பீர்கள்."

"அப்படியென்றால் உத்தரவு வரட்டும், சேர்" என்று என் வாய் சொல்லிவிட்டது.  என் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார், நான் பின்பக்கமாக ஏற்றப்பட்டால் அவருக்குத் தெரியாதே என்று நினைத்தேன். அண்ணனைத் தேடிய அம்மாவைப் போல இவரும் வாசல் வாசலாக நிற்பார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தலைமை அதிகாரி வந்தார். அவர் பின்னாலேயே அந்த நரைத்த தலை அம்மா. மொழிபெயர்ப்பாளர் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறார், ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள், அவர் விடாமல் கூடவே வந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று என்னிடமே ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

அவர் என்னைத் தேற்றவில்லை. அதிகாரியிடம்தான் பேசினார். "எங்கள் படத்தால்தான் இவருக்கு இது தெரிய வந்தது. எங்கள் தவறு. எங்கள் கூட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரிடம், எங்கள் கூட்டம் நடக்கும் கட்டிடத்தில் வைத்து எடுத்த எந்த விவரத்தையும் எங்கள் நாடு வாங்காது. அனுப்பினாலும் திருப்பிவிடுவோம். இதை எழுத்திலும் தருகிறேன்."

என் பக்கம் திரும்பி, "மற்ற நாடுகள் என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த நேர்மை எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பது மனதில் நின்றது.

 அதிகாரி ஒற்றை விரலால் என் போனை என் பக்கம் தள்ளினார். "பயவென்ன எபா, மிஸ்" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். "அம்மாமாரை ஹட்டன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு என்ன கிடைத்தது என்று அவர்கள் சொல்லட்டும். அதோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறோம்."

அன்றைய கூட்டத்துக்கு வேறொருவரை அழைத்துக்கொண்டார்கள். நான் வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே த்ரீவீலுக்குள் உட்காராமல், மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த வாரம் ஒரு கான்ஸ்டபிள் லயத்துக்கு ஏறி வந்து ஒவ்வொரு அம்மாவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். டீச்சர் பணத்தை அமுக்கிவிட்டாள் என்று ஒரு பேச்சு. புலிக்குப் பணம் கொடுத்தாள் என்று இன்னொரு பேச்சு, யுத்தம் முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும். என் வகுப்பிலிருந்து சில பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். கவுண்டரில் என் பெயருக்கு வந்த பணத்தை நிறுத்தி வைத்தார்கள். குவைத் பிள்ளை போட்டதும் அதில் மாட்டிக்கொண்டது.

ஸ்டேஷனுக்குப் போகும் நாள், அம்மாமார் கோயிலுக்குப் போகிற சேலைகளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாள் பேரு, அதாவது அன்றைய கூலி, போகிறதே என்ற கவலை ஒரு பக்கம் இருந்தும் ஒருவர் கூட வராமல் இருக்கவில்லை. நான் சம்பந்தப்பட்டவள் என்பதால் என்னை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மெல்லிய பலகைச் சுவர். உள்ளே பேசுவது கேட்டது.

அடுத்த வீட்டு அக்காவின் முறை வந்தது. தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் கேட்டார்.

"மகள் எங்க வேலை செய்றாங்க?"

"குவைத்துல ஐயா."

"குவைத்துல எங்க? எந்த வீடு?"

 அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூடாது என்ற பயம். மகள் ஓடி வந்தது வெளியே தெரியக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஆனால் போலீஸ் கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"வீட்டு வேலைக்குன்னு ஏஜென்சிக்காரர்தான் கூட்டிட்டுப் போனாருங்க. வேலைக்கு எடுத்த வீட்டுக்காரர் பேரு அந்தப் பத்திரத்துல இருக்கு. எனக்கு அந்த அரபுப் பேரெல்லாம் வாயில வராதுங்க ஐயா."

"மகள் பேசுவாங்களா?"

"பேசும். சாப்டியாம்மான்னு கேக்கும். ஐயா, பணம் வந்தா டீச்சர் ஒரு சதம் கொறையாம எங்கையில குடுத்துரும். கூரைத் தகரம் மாத்துனேன், வந்து பாருங்க. நீங்க அந்த டீச்சரைக் கொற சொல்லாதீங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. கேள்விகள் வேறு பக்கம் போயின. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.  வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்து, "நான் சரியாச் சொன்னேனா தங்கச்சி?" என்று மெல்லக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் ஒரே மாதிரி சில்லிட்டிருந்தது.

சில மாதங்கள் ஓடின. ஒரு சனிக்கிழமை பஜாரில் போய்க்கொண்டிருந்தேன். முதலாளி கடை வாசலில் நின்றார். "டீச்சரம்மா, அந்த நின்னு போன பணம் வந்துருச்சு. வந்து எடுத்துக்குங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் அவருக்கு உரிமை இல்லை. உள்ளே போனதும் பையனைத் தேநீர் வாங்கிவரச் சொல்லி, நான் குடித்து முடிக்கும் வரை எதிரே நின்றுகொண்டிருந்தார். அந்தப் பணம்தான் என் பெயரில் நான் கடைசியாக எடுத்தது. பெயர் திருத்தும் வேலைக்கு அம்மாமாரோடு பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடந்தேன். சிலருக்குச் சரியாயிற்று. அவர்கள் பெயரில் கணக்கு திறந்தார்கள். சரியாகாதவர்களின் பிள்ளைகள் இப்போது யாரோ ஆள் மூலம், எந்தக் கவுண்டரிலும் பதியாத வழியில் அனுப்புகிறார்கள். அது ஆபத்து என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒப்பந்தம் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் குற்றமில்லாதவள் என்று யாரும் எனக்கு எழுதவில்லை. எந்த நாட்டு இயந்திரத்தில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது என்று கேட்கவும் ஓர் இடம் இல்லை.

பின்னொரு காலத்தில், பத்திரம் இல்லாமல் இருப்பவர்கள் தண்டனை இல்லாமல் ஊருக்குத் திரும்பலாம் என்று குவைத்தில் அறிவித்தார்கள். அந்தப் பிள்ளை தூதரகத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். கொடுத்த நாளிலிருந்து விமானம் ஏறும் வரை நானும் அக்காவும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மற்றவர்கள் எல்லாரும் வெளியே வந்தும் அவள் வரவில்லை. உள்ளே நிறுத்திவிட்டார்கள், என் பெயரை வைத்துத்தான் நிறுத்திவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். அக்காவிடம் சொல்லாமல் தூண் மறைவில் போய் நின்றேன். அப்போது ஒரு மெலிந்த பெண் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள்தான். பெட்டி வராமல் போனதால் தேடிக்கொண்டிருந்தாளாம்.

திரும்பும் வழியில் கினிகத்தேனையைத் தாண்டி ஒரு திருப்பத்தில் நாங்கள் வந்த வேனைப் போலீஸ் நிறுத்தியது. எல்லாருடைய அடையாள அட்டையையும் கேட்டார்கள். அவள் அம்மா மடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் என் அட்டையைக் கொடுத்தேன். அந்தப் போலீஸ்காரர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார். பின்பு திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே மழை, பார்த்துப் போங்கள் என்றார். வேன் கிளம்பி, வட்டவளை வரும் வரையிலும் அந்த அட்டையைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.